கைக்குட்டையும் சலங்கையும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஓர் ஒயிலாட்டக் கேள்விக்குப் பதில் எழுதியபோது, காலில் மணி கட்டி, கைக்குட்டை வீசி ஆடும் இங்கிலாந்தின் மோரிஸ் ஆட்டத்தைப் பற்றியும் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல், ஆங்கில நாட்டார் ஆட்டத்தையும் இசையையும் நம் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்மாதப் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பரதம் கற்றவள் என்பதால், உடற்கல்விப் பாடத்தின் நடனப் பகுதிக்காக நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கில நாட்டார் ஆட்டத்தைக் கற்றுத்தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்துள்ளனர். வகுப்பில் 38 பேர், வாரம் ஒரு பாடவேளை, ஆறு வாரம். அந்த ஆட்டம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எங்கே தொடங்குவது, அம்மா? — ஆசிரியை, தெம்பனிஸ்

பரதம் தெரிந்திருப்பது உங்களுக்குப் பாதி உதவி, பாதி இடையூறு. தாளம் உடம்பில் ஊறியிருக்கிறது, அது உதவி. ஆனால் அரைமண்டியும் முத்திரையும், எதிரே ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார் என்ற நினைப்பும் கூடவே ஊறியிருக்கும். அவற்றை மண்டப வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள். ஆங்கிலக் கிராமத்து வட்ட ஆட்டத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லை. நம் கும்மியைப் போல, ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து ஆடுவது அது. பார்ப்பவர் யாரும் இல்லாவிட்டாலும் அது முழுமையான ஆட்டமே.

மெட்டின் கட்டமைப்பை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்து சேரும். இவ்வகை மெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றையும் நடந்து அளந்தால் 16 அடி வரும். முதற்பகுதி இருமுறை, இரண்டாம் பகுதி இருமுறை எனச் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு 64 அடி. உங்கள் கணக்கில் ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம். ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவுத் தொகுதியும் இந்த 16 அடிக்குள் தொடங்கி அதற்குள்ளேயே முடிந்துவிடும். முதல் வாரத்தில் ஆட்டமே சொல்லித்தர வேண்டாம். மெட்டை ஒலிக்கவிட்டுப் பிள்ளைகளை மண்டபத்தில் விருப்பம்போல் நடக்கச் சொல்லுங்கள். பகுதி முடியும் இடத்தில் கைதட்டித் திசையை மாற்றச் செய்யுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ண மட்டும் விடாதீர்கள். எண்ணுகிற பிள்ளைக்குத் தன் எண்ணிக்கைதான் கேட்கும், இசை கேட்காது. நான் பார்த்தவரை, நாலைந்து சுற்றுக்குள் வகுப்பில் பாதிப் பேர் உங்கள் கைதட்டலுக்கு முன்பே திரும்பிவிடுவார்கள். அந்த நொடியில் அவர்கள் முகத்தைக் கவனியுங்கள். யாரோ இரகசியம் சொன்னதுபோல் ஒரு சிரிப்பு இருக்கும்.

இரண்டாம் வாரம் சர்க்காசியன் வட்டம் என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். இணை இணையாக எல்லாரும் ஒரே பெரிய வட்டமாக நின்று கைகோத்துக்கொள்வார்கள். நான்கு அடி உள்ளே, நான்கு அடி வெளியே, மீண்டும் அதே. அடுத்த 16 அடியில் இணையின் ஒரு பக்கத்தார் மட்டும் உள்ளே சென்று திரும்புவார்கள், பிறகு மறுபக்கத்தார். மூன்றாம் பகுதியில் இணையோடு சுழல்வது. நான்காம் பகுதியில் இருவரும் பக்கவாட்டில் சேர்ந்து வட்டத்தைச் சுற்றி நடப்பது. இவ்வளவுதான். மறுபக்கத்தார் திரும்பி வரும்போது தம் இணையிடம் வராமல் அடுத்தவரிடம் போய்ச் சேர்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் இணை மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு இந்த வடிவமே பிடிக்கும். யாருடன் யார் சேர்வது என்ற சண்டை ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்காது.

ஆட்டத்தின்போது அடுத்த அசைவை உரக்க அறிவிக்கும் ஒருவர் இருப்பார். உங்கள் வகுப்பில் அவர் நீங்கள்தான். அறிவிப்பு அசைவோடு சேர்ந்து வந்தால் தாமதமாகிவிடும். நடக்கும் பகுதியின் கடைசி நான்கு அடிக்குள் அடுத்ததைச் சொல்லி முடித்துவிட வேண்டும். பரதத்தில் ஜதி சொல்லி நட்டுவாங்கம் செய்பவர் கடைசி தீர்மானம் வரை சொல்லிக்கொண்டே இருப்பார். இவரோ பிள்ளைகளுக்கு ஆட்டம் பிடிபட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு மிகவும் கடினமான பாடம் அதுதான்.

கைகோப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இரண்டாம் வாரமே கேட்பீர்கள். பத்து வயதுப் பையன்கள் பெண்பிள்ளைகளின் கையைத் தொட மாட்டார்கள். வேறு சிலரின் வீட்டில் அது சமய அடிப்படையில் தவிர்க்கப்படுவதும் உண்டு. ஆண், பெண் என்று பிரிக்காமல் வலப்பக்கத்தார், இடப்பக்கத்தார் என்று அழையுங்கள். அப்போதும் தயக்கம் இருந்தால், இருவருக்கும் நடுவே ஒரு கைக்குட்டையைக் கொடுத்து ஆளுக்கு ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இது நாம் கண்டுபிடித்த சமாளிப்பும் அன்று: யார்க்ஷியரின் நீள்வாள் ஆட்டத்தில், ஒருவரது வாளின் முனையை அடுத்தவர் பிடித்துக்கொள்ள, கைபடாமலேயே முழு வட்டமும் பிணைந்திருக்கும்.

கேள்வி: நம்மை ஆண்டவர்களின் ஆட்டத்தை நம் பிள்ளைகள் எதற்காகக் கற்க வேண்டும்? நம்மிடம் கும்மி இல்லையா, ஒயிலாட்டம் இல்லையா? — ஒரு தந்தை, பொங்கோல்

உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆங்கிலப் பாட்டை மனப்பாடம் செய்து, தன் பாட்டியின் தாலாட்டைக் கேளாமலே வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. நானும் அதைச் சேர்ந்தவள்தான். ஆனால் 'ஆண்டவர்களின் ஆட்டம்' என்பதில் மட்டும் சற்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

1899 டிசம்பர் 26 அன்று, ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகே ஹெடிங்டனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த சிசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர், சன்னலுக்கு வெளியே ஒரு குழு வெள்ளை உடையில், முழங்காலுக்குக் கீழே மணிகள் கட்டி ஆடுவதைக் கண்டார். மோரிஸ் ஆட்டத்துக்கு உரிய பருவம் அதுவன்று. அது வசந்தத்தின் இறுதியில் ஆடப்படுவது. கடும் பனியால் கட்டட வேலை நின்றுபோய், கையில் காசில்லாமல், நாலு காசு கிடைக்குமா என்று அவர்கள் பருவம் தப்பி ஆட வந்திருந்தார்கள். கான்செர்ட்டினா என்னும் சிறு துருத்தி வாத்தியம் வாசித்த வில்லியம் கிம்பர் செங்கல் அடுக்கும் கொத்தனார். பருவம் தப்பி ஆட வந்ததற்கு அவர்கள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்கள் என்பது, இந்தக் கதையில் என்னை எப்போதும் தொடும் இடம். ஷார்ப் கிம்பரிடமிருந்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். ஆனால் ஆட்டத்தை மீண்டும் கால்களுக்குக் கொண்டுவந்தவர் மேரி நீல். லண்டனில் தையல் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காக அவர் நடத்திய எஸ்பெரான்ஸ் மன்றத்துக்கு 1905-இல் கிம்பரையே வரவழைத்துக் கற்பிக்கச் செய்தார். அந்தத் தையற்காரப் பெண்கள்தாம் பிறகு ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நம் தோட்டங்களையும் துறைமுகத்தையும் ஆண்ட துரைமார்களுக்கும் இந்தக் கொத்தனார்களுக்கும் இடையே இருந்த தூரம், நமக்கும் துரைமார்களுக்கும் இடையே இருந்ததை விட அதிகம் குறைந்ததன்று.

எல்லா ஆங்கில ஆட்டமும் ஏழைகளுடையது என்றும் சொல்ல மாட்டேன். 1651-இல் லண்டன் பதிப்பாளர் ஜான் பிளேஃபோர்ட் அச்சிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், வசதி படைத்த லண்டன்வாசிகளின் கூடங்களில் ஆடப்பட்டவையும்கூட.

இனி ஒயிலாட்டம். வரிசையாக நிற்கும் ஆட்டக்காரர்கள், காலில் மணி, கையில் வீசும் துணி. இப்போது மோரிஸ்: மூவர் மூவராக இரண்டு வரிசை, காலில் மணி, கையில் வீசும் கைக்குட்டை. இரண்டுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்லவில்லை. உழைக்கும் உடம்பு ஆட எழுந்தால் கையில் ஒரு துணி வந்துவிடுகிறது போலும். பள்ளியில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், தயங்காமல் ஒயிலாட்டத்தைக் கேளுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். இரண்டுக்கும் நேரம் இருந்தால், ஒன்றை ஆடிய பிள்ளைக்கு மற்றது அந்நியமாக இராது.

கேள்வி: என் மகள் நான்கு ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் பயில்கிறாள். அவளது பள்ளியில் ஆங்கில நாட்டார் மெட்டுகள் வாசிக்கும் சிறு குழு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். சேர்த்தால் கை கெட்டுவிடும் என்று குடும்பத்தில் ஒரு சாரார் சொல்கிறார்கள். — ஒரு தாய், ஈசூன்

அவள் ஏற்கெனவே அந்தக் குழுவில் சேர்ந்தாயிற்று, உங்களுக்குத்தான் தெரியவில்லை. தொடக்க நிலையில் அவளுக்கு நோட்டுஸ்வரம் சொல்லிக்கொடுத்திருப்பார்களே, 'சக்தி ஸஹித கணபதிம்' போன்றவை? முத்துசாமி தீட்சிதர் மணலியில் வாழ்ந்த இளமைக் காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் இராணுவ வாத்தியக் குழு வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தவை அவை. பிரிட்டிஷ் அரசவாழ்த்தின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது. கோட்டையில் ஒலித்த ஆட்ட மெட்டுகளும் அந்தத் தொகுப்பில் உண்டு. உங்கள் மகள் தோளில் வைத்திருக்கும் கருவியே அதே கோட்டை வழியாக வந்ததுதான்: முத்துசாமியின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். குடும்பத்துப் பெரியவர்களிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

கை கெடாது, ஆனால் சுருதி குழம்பக்கூடும். கர்நாடக வயலினில் நான்கு தந்திகளையும் ச–ப–ச–ப என்று கட்டுகிறோம். ஆங்கில மெட்டுகளுக்கு ஒவ்வொரு தந்தியும் முந்தையதற்குப் பஞ்சமமாக, ஜி–டி–ஏ–இ என்று இருக்க வேண்டும். இதனால் மேல் இரண்டு தந்திகளில் விரல் விழும் இடமே வேறாகிவிடும். ஒரே வயலினை வாரத்தில் இருமுறை மாற்றி மாற்றிக் கட்டினால் தந்தியும் தாங்காது, பிள்ளையின் காதும் தாங்காது. முடிந்தால் பழைய வயலின் ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். பள்ளியிலேயே இரவல் கிடைத்தாலும் போதும்.

வாசிக்கும் முறையில் அவள் விட வேண்டியது கமகம். பெற வேண்டியது வில்லின் துள்ளல். ஆட்டத்துக்கு வாசிப்பவர் ஸ்வரத்தை அசைத்து அழகு பார்ப்பதில்லை. ஆடுகிறவரின் கால் தரையை விட்டு எழும் இடத்தில் வில்லை அழுத்தி எழுப்புவார். அதனால் அவர்கள் இசைத்தாளைப் பார்ப்பதை விடக் கால்களைப் பார்த்து வாசிப்பதே வழக்கம். தாளத்தில் அவளுக்குச் சிரமம் இராது. மெட்டு வகைகளில் ரீல் என்பது நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ர நடை, ஜிக் என்பது மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை என்று சொன்னால் போதும். ஜிக்கில் ஒன்பதாக எண்ணும் ஒரு வகையும் உண்டு. ஒன்பது என்றதும் நான்கும் ஐந்துமாகப் பிரியும் சங்கீர்ணம் என்று அவள் பாய்ந்துவிடக் கூடாது. அது மூன்று மூன்றாகப் பிரியும் ஒன்பது.

ஒரே ஒரு நிபந்தனை: மெட்டை முதலில் காதால் கேட்டுப் பாடட்டும், பிறகு வாசிக்கட்டும், தாள் கடைசியில் வரட்டும். அவளது குருவும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார் என்பதால், குழுவிலேயே விரைவாகக் கற்பவள் அவளாகத்தான் இருப்பாள்.

கேள்வி: வண்ண நாடாக்களோடு கம்பத்தைச் சுற்றி ஆடும் மே கம்ப ஆட்டத்தைப் பள்ளி விழாவில் செய்ய விரும்புகிறோம். எளிதா? — பெற்றோர் ஆதரவுக் குழு உறுப்பினர், உட்லண்ட்ஸ்

பார்க்க எளிது. கம்பத்தைச் சுற்றி ஆடும் வழக்கம் பழையது. நாடாவைப் பின்னும் வழக்கம் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். 1881-இல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் லண்டனின் வைட்லண்ட்ஸ் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில், மாணவி ஒருத்தியை ராணியாக்கிக் கொண்டாடும் மே ராணி விழாவைத் தொடங்கிவைத்தார். அங்கே பயின்ற ஆசிரியைகள் தாங்கள் போன பள்ளிகளுக்கெல்லாம் அந்த உற்சாகத்தைக் கொண்டுபோனார்கள். நம் பின்னல் கோலாட்டத்தைக் கண்டவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அங்கே மேலிருந்து கயிறு தொங்கும், இங்கே கம்பத்து உச்சியிலிருந்து நாடா; பின்னும் கணக்கு ஒன்றே.

நான் பட்டதைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில், கம்பம் வாங்கப் பணமில்லாமல், பூப்பந்து வலை கட்டும் தூணையே கம்பமாக்கினேன். அதன் அடியில் சக்கரம் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. 16 பிள்ளைகள்; ஒற்றை எண்கள் வலப்புறம், இரட்டை எண்கள் இடப்புறம்; ஒருவரை மேலே, அடுத்தவரைக் கீழே கடக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் ஏழாம் எண் சிறுமி கீழே போக வேண்டிய இடத்தில் மேலே போனாள். பின்னலில் அந்தப் பிழை ஒரு சிவப்புக் கோடாக உடனே தெரிந்தது. நான் "நில்லுங்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக "தொடருங்கள்" என்றேன். பிழை மேல் பிழை ஏறி, நாடா இறுகி, பதினாறு பேரும் இழுக்க, தூண் மெல்லத் தலைமையாசிரியரின் நாற்காலியை நோக்கி நகர்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. சிறுமி மட்டும் தேம்பித் தேம்பி அழுதாள். பிழை அவளுடையதன்று, என்னுடையது.

ஆகவே முதலில் அவிழ்க்கக் கற்றுக்கொடுங்கள். எல்லாரும் நின்ற இடத்திலேயே திரும்பி, கடைசியாக மேலே போனவர் இப்போதும் மேலேயே போகும்படி வந்த வழியே நடந்தால், பின்னல் சுற்றுச் சுற்றாகப் பிரியும். அவிழ்க்கத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சிக்கல் பயம் இல்லை. இங்கிலாந்தில், கம்பம் அசையாதிருக்க அதன் அடித்தட்டில் சில பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். ஆட விருப்பமில்லாத கூச்சப் பிள்ளைகளுக்கு அதைவிட மரியாதையான வேலை கிடையாது.

கேள்வி: வகுப்பில் காட்ட மோரிஸ் காணொளிகளைத் தேடியபோது, சிலவற்றில் ஆட்டக்காரர்கள் முகம் முழுதும் கறுப்பு பூசியிருந்தார்கள். காட்டலாமா? — பயிற்சி ஆசிரியர், செங்காங்

காட்ட வேண்டாம். வேல்ஸ் எல்லைப்புற மாவட்டங்களின் மோரிஸ் வகையில் அந்த வழக்கம் இருந்தது. வேலையற்ற காலத்தில் காசு கேட்டு ஆடியவர்கள், அடையாளம் தெரியாதிருக்கப் பூசிக்கொண்டார்கள் என்பது ஒரு விளக்கம். கறுப்பினத்தவரைக் கேலி செய்த 19ஆம் நூற்றாண்டு மேடைக் கூத்துகளின் தாக்கமும் அதில் கலந்திருக்கிறது என்பது இன்னொன்று. காரணம் எதுவானாலும், பார்க்கும் கறுப்பினத்தவருக்கு ஏற்படும் வலி ஒன்றே என்று ஏற்று, மோரிஸ் குழுக்களின் கூட்டமைப்புகளே 2020-இல் அதைக் கைவிட முடிவு செய்தன. பல குழுக்கள் நீலம், பச்சை என்று வேறு வண்ணங்களுக்கு மாறிவிட்டன. நிறத்தை வைத்துக் கிண்டல் வாங்கிய பிள்ளை ஒன்றாவது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அது பெரும்பாலும் நம் பிள்ளையாகவே இருக்கும். மேல்வகுப்பு மாணவர்கள் என்றால், ஒரு மரபு தன்னைத் தானே திருத்திக்கொண்ட கதையாக இதைப் படங்கள் இல்லாமல் பேசலாம்.

கேள்வி: 'ரிங்கா ரிங்கா ரோசஸ்' பாட்டு கொள்ளைநோயில் செத்தவர்களைப் பற்றியது என்கிறார்களே? பாலர் பள்ளியில் பாடலாமா? — பாட்டி, தோ பாயோ

தாராளமாகப் பாடுங்கள், அம்மா. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் அந்தக் கதையை ஏற்பதில்லை. லண்டனைத் தாக்கிய கொள்ளைநோய் 1665-இல்; அந்தப் பாட்டு இங்கிலாந்தில் அச்சேறியது 1881-இல்; கொள்ளைநோய் விளக்கமோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவியது. இரு வரிசையாக நின்று முன்னும் பின்னும் நடந்து நாம் ஆடிய 'பூப்பறிக்க வருகிறோம்' நினைவிருக்கிறதா? மே மாதத்தில் கொட்டை பறிக்க வருவதாகப் பாடும் ஆங்கிலச் சிறார் ஆட்டம் ஒன்று, வரிசையிலும் ஆளை இழுப்பதிலும் அப்படியே அதுதான். நம் பாட்டில் 'எந்த மாதம்' என்று கேட்டால் 'டிசம்பர் மாதம்' என்று பதில் வருவதை அப்போது நாம் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. இரண்டையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: மோரிஸ் மணிகளுக்குப் பதில் பரதச் சலங்கையைக் கட்டலாமா? — மாணவி, ஜூரோங்

கட்டலாம்; ஆனால் கணுக்காலில் அன்று, முழங்காலுக்குக் கீழே. சலங்கை தரையைத் தட்டும்போது பேசும். மோரிஸ் மணி கால் காற்றில் எழும்பும்போது பேசும். கணுக்காலில் கட்டினால் உன் கால் பழக்கத்தால் தட்டத் தொடங்கிவிடும், துள்ளல் போய்விடும். குருவின் அனுமதி இல்லாமல் அரங்கேற்றச் சலங்கையைத் தொடாதே. பள்ளியின் பழைய சலங்கையை எடுத்துக்கொள். வெறுங்காலும் வேண்டாம், துணிக்காலணி அணிந்துகொள். கீழ்வீட்டுக்காரர்களை எண்ணி, பயிற்சியைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்துக்கொள்.

கேள்வி: இந்த ஆட்டத்தால் உயர்நிலைப்பள்ளி நேரடிச் சேர்க்கைக்குப் பயன் உண்டா? சிங்கப்பூர் இளையர் விழாவில் சிறப்புத் தேர்ச்சி வாங்க எப்படிப் பயிற்சி கொடுப்பது? — ஒரு தாய், புக்கிட் பாத்தோக்

நேரடிச் சேர்க்கையில் நடனத்தை ஒரு திறனாக ஏற்கும் பள்ளிகள் உள்ளன. எந்த நடனம் என்பதை அந்தந்தப் பள்ளியிடமே கேட்டறியுங்கள். இளையர் விழா 1967 முதல் நடந்துவருகிறது; அதில் ஆங்கில ஆட்டம் ஆடும் குழு அனைத்துலக நடனப் பிரிவில் இடம்பெறலாம். மேடைக்கென்றால் ஆறு பேர் ஆடும் மோரிஸையோ வாள் ஆட்டத்தையோ தேர்ந்தெடுங்கள். அவை காண்போருக்காகவும் ஆடப்படுபவை. வட்ட ஆட்டத்தை மேடையேற்றினால், பாதிப் பிள்ளைகளின் முதுகைத்தான் நடுவர்கள் பார்ப்பார்கள்.

வடிவமா, மகிழ்ச்சியா என்ற இந்தச் சண்டை நூறு ஆண்டுக்கும் பழையது. ஆட்டம் சரியான வடிவில் கற்பிக்கப்பட வேண்டும் என்றார் ஷார்ப். 1911-இல் அவர் தொடங்கிய ஆங்கில நாட்டார் ஆட்டச் சங்கம் தேர்வு வைத்துச் சான்றிதழும் கொடுத்தது. ஆட்டத்தின் மகிழ்ச்சி முதலில் வரட்டும், வடிவம் பின்னால் வரும் என்றார் மேரி நீல். இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஷார்ப் எழுதி வைக்காமல் போயிருந்தால் இன்று நம் கையில் பல மெட்டுகள் இருந்திரா என்பது எனக்குத் தெரியும். இருந்தும் பத்து வயதுப் பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது நான் நீல் பக்கம்தான். குழுவுக்கு 24 பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள், தவறில்லை. தேர்வாகாத பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஒரு நாள் அதே மண்டபத்தில் அதே மெட்டு ஒலிக்கட்டும். அன்று நடுவர் வேண்டாம், கைபேசியில் படம் எடுக்கும் பெற்றோரும் வேண்டாம். நீங்களும் வந்தால் வட்டத்தில்தான் நிற்க வேண்டும்.